செல்போன் டவருக்கு எந்த விதி கேட்பது: தூரமா, வரம்பா, அனுமதியா?

"பக்கத்துக் கட்டடத்து மொட்டைமாடியில் டவர் போடுகிறார்கள், தடுக்க வழி உண்டா?" என்று எழுதுகிறவர்களும், "வீட்டுக்குள் சிக்னலே இல்லை, வாசலில் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது" என்று எழுதுகிறவர்களும் பல நேரம் ஒரே தெருக்காரர்கள். நகர நிர்வாகம் புதிய விதிக்குக் கருத்துக் கேட்டால், குடியிருப்போர் கூட்டத்தில் இவர்கள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். என்ன கேட்பது என்று முடிவாகாது. கடைசியில் எல்லாருக்கும் சட்டென்று புரிகிற ஒரே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள்: "பள்ளிக்கூடத்தில் இருந்து நூறு மீட்டருக்குள் டவர் கூடாது."

அந்த ஒரு வரி நல்ல எண்ணத்தில் எழுதப்படுவதுதான். ஆனால் அது கேட்கிறவர்களுக்கே எதிராக வேலை செய்யக்கூடும். அதனால்தான் இந்த ஒப்பீடு. நகரங்கள் டவர்களைக் கட்டுப்படுத்தப் பொதுவாக ஐந்து வழிகள் வைத்திருக்கின்றன: இடைவெளித் தூரம், வீச்சு வரம்பு (மனிதர் மேல் விழும் அலைக்கு உச்ச அளவு), டவருக்கு டவர் தனி அனுமதி, ஒரே டவரைப் பலர் பகிர்வது, பெரிய டவருக்குப் பதில் தெருக் கம்பங்களில் சின்னக் கருவிகள். எதைக் கேட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, அங்கே வசிப்பவர் மேல் படுகிற அலை இந்த விதியால் உண்மையில் குறைகிறதா? இரண்டு, சிக்னல் என்ன ஆகும்? ஆம்புலன்ஸுக்கு அழைக்கிற நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மூன்று, கட்டடம் தாங்குமா, புயல் காற்றில் நிற்குமா, ஜெனரேட்டர் சத்தமும் புகையும் யார் ஜன்னலுக்குள் போகும்? நான்கு, பாதிக்கப்படுகிறவர் வாய் திறக்க இடம் இருக்கிறதா? ஐந்து, விதி மீறப்பட்டால் அதை யாராவது கண்டுபிடிக்க முடியுமா?

ஐந்தாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். என் கணக்கில் அதுதான் மற்ற நான்கையும் தூக்கி நிறுத்துகிறது.

## டவர் எந்தப் பக்கம் வீசுகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த விதியையும் எடை போட முடியாது. ஒரு டவரை நிமிர்ந்து பார்த்தால் இரண்டு வகைப் பொருள்கள் தெரியும். முரசு மாதிரி வட்டமாக இருப்பது, ஒரு டவர் இன்னொரு டவரோடு பேசுவதற்கான டிஷ். பார்க்கப் பெரிதாக இருப்பதால் அதைக் கண்டுதான் பலர் பயப்படுகிறார்கள். அது ஊசி போல ஒரே நேர்க்கோட்டில் அடுத்த டவருக்குப் போகிறது, தெருவை நோக்கி வருவதில்லை. செங்குத்தாக, ஆள் உயரத்துக்கு நீண்ட வெள்ளைப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவைதான் நம் போன்களோடு பேசும் ஆன்டெனாக்கள்.

அந்தப் பெட்டி எல்லாப் பக்கமும் சமமாக வீசாது. டார்ச் விளக்கு மாதிரி, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், சில பாகை மட்டும் கீழே சாய்த்து வீசும். 30 மீட்டர் உயரத்தில் 6 பாகை சாய்வு வைத்தால், கற்றையின் நடுப்பகுதி தரையைத் தொடுவது ஏறத்தாழ 285 மீட்டர் தள்ளி. நேர் கீழே இருக்கிற வீட்டில் மிச்சம் மீதிதான் விழும். நடுவில் தளக் கான்கிரீட் வேறு இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பெட்டி 40 வாட் அனுப்புகிறது, அதை ஒரு பக்கமாகக் குவிப்பதால் அந்தத் திசையில் 50 மடங்கு பலம் என்று வையுங்கள். வழக்கமான அளவுகள்தான் இவை. நீங்கள் எதிர்க் கட்டடத்து நாலாம் மாடி பால்கனியில் நிற்கிறீர்கள். பெட்டியின் தட்டையான முகம் நேராக உங்களைப் பார்க்கிறது, இடையில் 20 மீட்டர். உங்கள்மேல் விழுவது சதுர மீட்டருக்கு சுமார் 0.4 வாட். அதே கற்றை 285 மீட்டர் போய்த் தரையைத் தொடும்போது 0.002 வாட், அதாவது 200-ல் ஒரு பங்கு. பிரச்சினை இருந்தால் அது அந்த நாலாம் மாடி பால்கனியில்தான் இருக்கும். டவருக்கு அடியிலோ தெருவிலோ இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. போன் தன் பலத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசும், தூரத்தில் இருந்தால் கத்தும். 4ஜி போனின் உச்சம் 0.2 வாட் அளவுதான், டவரோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அது காதோடு ஒட்டி இருக்கிறது. மெல்லப் பேசுவதற்கும் கத்துவதற்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும்.

## இடைவெளித் தூரம்

பள்ளி, மருத்துவமனை, வீடுகளில் இருந்து இத்தனை மீட்டருக்குள் டவர் கூடாது என்பது. இதன் பெரிய பலம் எளிமை. நாடாவைப் பிடித்தால் விதி மீறல் தெரிந்துவிடும், எந்த நிபுணரும் வேண்டாம். அம்மா அப்பாக்களின் மனதுக்கும் நிம்மதி.

ஆனால் முதல் கேள்வியிலேயே இது சறுக்குகிறது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். பள்ளியின் மொட்டைமாடியிலேயே டவர் இருந்தால் வகுப்பறையில் விழுவது குறைவு. அதைப் பிடுங்கி 150, 200 மீட்டர் தள்ளி வைத்தால் பள்ளி கற்றைக்குள் வர வாய்ப்பு கூடுகிறது. அப்புறம், டவர் தூரம் போனதும் பள்ளி வளாகத்தில் இருக்கிற ஒவ்வொரு போனும் சத்தம் கூட்டுகிறது. குழந்தைகளுக்காகக் கேட்ட விதி, குழந்தைகளின் காதோரத்தில் அலையைக் கூட்டிவிட்டுப் போகிறது. இதை ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்வது கடினம். சொன்னால் கம்பெனிக்காரன் ஆள் என்பார்கள். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு நெரிசலான பகுதிகளில் தெரியவரும். அங்கே எந்தப் புள்ளியை எடுத்தாலும் நூறு மீட்டருக்குள் ஒரு பள்ளியோ மருத்துவமனையோ இருக்கும். வட்டங்களை வரைந்து முடித்தால் வரைபடத்தில் சில துண்டு நிலங்கள்தான் மிஞ்சும். எல்லா டவரும் அந்தத் துண்டுகளில் போய்க் குவியும், அங்கே வசிப்பவர்கள் பாவம்.

தூர விதிக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. டவர் விழுந்தால் எங்கே விழும் என்பதற்கான இடைவெளி அது. தரையில் நிற்கும் உயரமான கோபுரத்துக்கு, விளையாட்டுத் திடலில் இருந்தும் வீட்டுச் சுவரில் இருந்தும் அதன் உயரத்தை ஒட்டிய இடைவெளி கேளுங்கள். அது அலைக்கான விதி இல்லை, இரும்புக்கான விதி. அந்த அளவில் மிகச் சரியானது.

## வீச்சு வரம்பும் அளவீடும்

டவர் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், மனிதர் நிற்கிற இடத்தில் இவ்வளவுக்கு மேல் விழக் கூடாது என்பது இந்த வழி. நான் சாய்வது இந்தப் பக்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான நாடுகள் பின்பற்றுவது, இவ்வகை அலைகளில் இருந்து பாதுகாப்புக்கான ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச ஆணையத்தின் அளவுகளை. 1998-ல் வெளியிட்டது, 2020-ல் திருத்தியது. பொதுமக்களுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800-ல் 9 வாட், 2000-க்கு மேல் 10 வாட். உடல் சூடாகி பாதிப்பு தொடங்கும் அளவில் இருந்து 50 மடங்கு இறக்கி வைத்த எண்கள் இவை. இந்தியா 2012 செப்டம்பரில் இவற்றைப் பத்தில் ஒன்றாக்கிக்கொண்டது. சுவிட்சர்லாந்து இன்னும் கீழே போனது. 2000-ம் ஆண்டில் இருந்து, வீடு, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் ஒரு நிலையத்தில் இருந்து வருவது அலைவரிசைக்கு ஏற்ப மீட்டருக்கு 4 முதல் 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 6 வோல்ட் என்பது சதுர மீட்டருக்கு சுமார் 0.1 வாட்.

நாலாம் மாடி பால்கனிக்கு வருவோம். அங்கே விழுகிற 0.4 வாட், சர்வதேச அளவில் ஒன்றுமே இல்லை. இந்திய அளவிலும் தேறிவிடும். ஆனால் அதே கம்பத்தில் மூன்று கம்பெனிப் பெட்டிகள் அதே திசையைப் பார்த்தால் 1.2 வாட், இந்திய வரம்பு தாண்டியாயிற்று. சுவிஸ் அளவில் ஒரு பெட்டிக்கே அனுமதி கிடையாது. அதாவது எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம், தனித்தனியாக அளக்கிறோமா கூட்டி அளக்கிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விதியில் "அனைத்து நிறுவனங்களின் கூட்டுத் தொகை" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள்.

இறுக்கமான வரம்புக்கும் விலை உண்டு. ஒரு டவர் வரம்பைத் தொட்டுவிட்டால் அதில் புதிய ஆன்டெனா சேர்க்க முடியாது, புது இடம் தேட வேண்டும். சுவிட்சர்லாந்தில் இதைத் தளர்த்தக் கேட்டு 2016-லும் 2018-லும் வந்த கோரிக்கைகளை நாடாளுமன்ற மேலவை நிராகரித்தது. இத்தாலி இருபது ஆண்டுகளாக வைத்திருந்த 6 வோல்ட்டை 2024-ல் 15 ஆக உயர்த்தியது. வரம்பைக் குறைத்தால் டவர்களின் எண்ணிக்கை கூடும். இதைத் தெரிந்தே கேட்க வேண்டும்.

அளப்பவர் யார், செலவு யாருடையது என்பது அடுத்த கேள்வி. பிரான்ஸில் தன் வீட்டில் அளக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பவருக்குச் செலவில்லை, நிறுவனங்களிடம் வசூலிக்கும் வரியில் இருந்து அது நடக்கிறது. முடிவுகள் கார்ட்டோரேடியோ என்ற பொது வரைபடத்தில் ஏறுகின்றன. இந்தியாவில் 2017-ல் தொடங்கிய தரங் சஞ்சார் தளத்தில் அருகில் உள்ள டவர்களைப் பார்க்கலாம், கட்டணம் கட்டி அளக்கக் கேட்கலாம். கட்டணம் என்ற அந்த ஒரு சொல் பெரிய வித்தியாசம். சந்தேகப்படுகிறவர் காசு கட்டித்தான் கேட்க வேண்டும் என்றால் பலர் சந்தேகத்தோடே இருந்துவிடுவார்கள். அளவீடு இல்லாத வரம்பு, காகிதத்தில் எழுதிய எண் மட்டும்தான்.

உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அணு உலையில் இருந்து வருவதையும் கதிர்வீச்சு என்கிறோம், டவரில் இருந்து வருவதையும் கதிர்வீச்சு என்கிறோம். பாதி பயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. டவர் அலை அணுக்களை உடைக்கிற வகை இல்லை. 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வகை அலைகளை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. அதற்கு முக்கிய காரணம் காதோடு வைத்துப் பேசும் போன் பற்றிய, அதுவும் வரையறைக்கு உட்பட்ட, சான்றுகள். அந்த எச்சரிக்கையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் தூரத்தை விட அளவைப் பிடியுங்கள் என்கிறேன்.

## டவருக்கு டவர் தனி அனுமதி

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நகர நிர்வாகம் பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கேட்டு முடிவு செய்வது. கட்டடப் பாதுகாப்பு, தோற்றம், ஜெனரேட்டர் வைக்கும் இடம் எல்லாவற்றையும் இங்கேதான் உருப்படியாகப் பேச முடியும். ஒரு கட்டடத்தில் வாடகை வாங்குவது உரிமையாளர். மேல்தளத்தில் குடியிருந்து ஜெனரேட்டர் அதிர்வோடு தூங்குவது வேறொருவர். அந்த வேறொருவருக்கு இருக்கிற ஒரே மேடை இதுதான்.

ஆபத்து எங்கே என்றால், மேடையில் எல்லாருக்கும் ஒரே குரல் இல்லை. வக்கீல் வைக்கக்கூடிய தெரு டவரைத் தள்ளிவிடும். பகல் நேரக் கூட்டத்துக்கு லீவு போட்டு வர முடியாத தெருவில் அது போய் நிற்கும். காலதாமதமும் ஆகும். அமெரிக்காவில் இதற்கு 1996 தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு வேலி போட்டது. மறுத்தால் எழுத்தில், ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் வீச்சு அளவுக்குள் இருக்கும் டவரை, அலையைக் காரணம் காட்டி உள்ளூர் நிர்வாகம் மறுக்கவே முடியாது. முதல் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் பாதியால் மக்கள் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார்களோ அதைப் பேசாமல், டவர் அழகாக இல்லை என்று சுற்றி வளைத்து வாதாட வேண்டியதாகிறது.

பழமையான கட்டடங்கள் இருக்கிற பகுதி, பழைய அடுக்குமாடிகளின் மொட்டைமாடி, தரையில் நிற்கும் உயரமான கோபுரம் இவற்றுக்கு இந்த வழி வேண்டும். ஊர் முழுக்க எல்லாவற்றுக்கும் வைத்தால் கோப்புகள் தேங்கும், தேங்கினால் அனுமதி இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக டவர் முளைக்கும்.

## பகிர்வு

நான்கு நிறுவனங்கள் நான்கு டவர் போடுவதற்குப் பதில் ஒன்றில் நான்கும். இரும்பு குறையும், ஜெனரேட்டர் குறையும், வானம் தெரியும். கேட்க வேண்டிய விதிதான். இரண்டு ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட்டுக் கேளுங்கள். கூட்டுத் தொகை அளவீடு கட்டாயம். ஒவ்வொரு முறை பெட்டி சேர்க்கும்போதும் பொறியாளரின் புதிய சுமைச் சான்று கட்டாயம். ஒரு நிறுவனத்துக்காகக் கணக்குப் போட்ட கம்பத்தில் நாலாவது ஆள் ஏறும்போது, எடையை விடப் பெரிய கவலை காற்று. ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்னப் பாய்மரம். அதோடு, அந்த ஒரு டவரில் மின்சாரம் போனால் நாலு நெட்வொர்க்கும் சேர்ந்து போகும்.

## தெருக் கம்பத்துச் சின்னக் கருவிகள்

விளக்குக் கம்பத்தில், பேருந்து நிழற்குடையில், பெட்டி அளவுக்கு வைப்பது. சில வாட்தான் பலம், எட்டுவது சில நூறு மீட்டருக்குள். போன் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் மெல்லப் பேசும். கூட்டம் நெரியும் கடைவீதி, ரயில் நிலையம், உயரமான கட்டடங்களுக்கு நடுவே நிழல் விழுந்த சந்து, இங்கெல்லாம் பெரிய டவரை விட இதுவே மேல்.

எண்ணிக்கைதான் தொந்தரவு. ஒரு டவர் செய்ததைச் செய்யப் பல கம்பங்கள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் ஃபைபரும் வேண்டும், தெருவைத் தோண்டியாக வேண்டும். ஐந்தாறு மீட்டர் உயரம் என்பதால் சில இடங்களில் முதல் மாடி ஜன்னலுக்கு நேராக வந்துவிடும். ஜன்னலில் இருந்து குறைந்தபட்ச இடைவெளி கேட்பதில் இங்கே அர்த்தம் இருக்கிறது. கம்பத்தின் பலமும் பார்க்க வேண்டும். 2007 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மாலிபு பள்ளத்தாக்கில் பலத்த காற்றில் மூன்று மின்கம்பங்கள் விழுந்து காட்டுத் தீ பிடித்தது. கம்பங்களில் தொலைத்தொடர்புக் கருவிகளை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தது விசாரணையில் பெரிய விஷயமாயிற்று. நீண்ட மின்வெட்டில் இந்தச் சின்னப் பெட்டிகள்தான் முதலில் அணையும், பெரிய பேட்டரி வைக்க இடம் கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | படும் அலை குறையுமா | சிக்னல் | கட்டடம், சத்தம் | மக்கள் குரல் | மீறலைக் கண்டுபிடிக்க |
|---|---|---|---|---|---|
| இடைவெளித் தூரம் | உறுதியில்லை, கூடவும் செய்யலாம் | கெடும் | கோபுரம் விழும் ஆபத்துக்கு மட்டும் உதவும் | இல்லை | மிகச் சுலபம் |
| வீச்சு வரம்பு | குறையும் | வரம்பைப் பொறுத்தது | தொடாது | அளக்கக் கேட்கும் உரிமை இருந்தால் உண்டு | கருவியும் ஆளும் வேண்டும் |
| தனி அனுமதி | தனியாகக் குறைக்காது | தாமதமாகும் | நன்றாகக் கவனிக்கும் | அதிகம், ஆனால் சமமில்லை | ஓரளவு |
| பகிர்வு | ஒரே இடத்தில் கூடலாம் | நல்லது | இரும்பு குறையும், சுமை கூடும் | இல்லை | சுலபம் |
| சின்னக் கருவி | பெரும்பாலும் குறையும் | நெரிசலில் மிக நல்லது | கம்பத்தின் பலம் கவலை | பெரும்பாலும் இல்லை | எண்ணிக்கையால் கடினம் |

## சரி, எதைக் கேட்பது?

உங்கள் நகரத்தில் இப்போது எந்த விதியும் இல்லை என்றால், கூட்டு வீச்சு வரம்பையும், கேட்பவருக்கு இலவசமான, நிறுவனத்தைச் சாராத அளவீட்டையும் முதலில் கேளுங்கள். இதை விட்டுவிட்டு வேறு எதை வாங்கினாலும் பயன் கம்மி.

வரம்பு ஏற்கெனவே நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது, நகரம் அதை மாற்ற முடியாது என்றால், நகரத்தின் கையில் இருப்பது கட்டடமும் இடமும். மொட்டைமாடி டவருக்கும் தரைக் கோபுரத்துக்கும் தனி அனுமதி, அதில் குடியிருப்பவருக்கும் எதிர்க் கட்டடத்தாருக்கும் நோட்டீஸ், மறுத்தாலும் கொடுத்தாலும் காரணம் எழுத்தில். எதிர்க் கட்டடத்தார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல விதிகள் டவர் இருக்கிற கட்டடத்தாரை மட்டும் கேட்கின்றன, கற்றை போய் விழுவதோ எதிரில்.

சிக்னல் இல்லாத நெரிசல் பகுதிக்கு, சின்னக் கருவிகளுக்கு விரைவு அனுமதி கொடுக்கச் சொல்லுங்கள், கம்பத்தின் பலச் சான்றோடும் ஜன்னல் இடைவெளியோடும். புறநகரில் புதுக் கோபுரம் வருகிறது என்றால் பகிர்வு.

பள்ளி விஷயத்தில் மனசு கேட்கவில்லை என்றால், அது எனக்குப் புரிகிறது. அங்கே "நூறு மீட்டர்" என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: "பள்ளி வகுப்பறைகளிலும் திடலிலும் ஆண்டுக்கு ஒரு முறை அளந்து, எண்ணைப் பள்ளி வாசலில் ஒட்ட வேண்டும், டவரில் ஆன்டெனா மாற்றினாலோ சேர்த்தாலோ ஒரு மாதத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும்." இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். டவர் வரும்போது எல்லாரும் பார்க்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு காலையில் இரண்டு பேர் ஏறிப் பழைய பெட்டியைக் கழற்றிப் புதுப் பெட்டியை மாட்டிவிட்டு, மதியத்துக்குள் இறங்கிப் போய்விடுவார்கள். பழைய அளவீடு அன்றோடு செல்லாது.